நீலம் பாரித்த இரும்பு

நீலமாக இருக்கிறது, உள்வளையம் முழுக்க, துரு உதிர்ந்த இடமெல்லாம், பாம்பு கடித்துச் செத்தவன் உடம்பு போலத் திட்டுத் திட்டாக நீலம் பாரித்துக் கிடக்கிறது, பிரேக் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு என் மெக்கானிக் ஷெட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே புல்லின்மேல் உப்புக் கொட்டினாற்போல உறைபனி, தை மாதத்து ஊட்டியில் விடிந்தாலும் விடிந்ததாகக் கணக்கில்லை, இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிறது, இருந்தும் நான் அதைக் கீழே வைக்கவில்லை, திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், என் பெண்டாட்டி சலேத்தின் நகமும் இப்படித்தான் இருந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார், பாருங்க பெரியவரே, நகமெல்லாம் நீலமா இருக்கு, நெஞ்சுல காத்து பத்தல, இனிமே இவங்களுக்குக் குளிரும் ஆகாது, கரி அடுப்புப் புகையும் ஆகாது, எப்பவும் சூடா வச்சுக்கணும் என்றார், சூட்டை ஏதோ மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி விற்கிற மாதிரி, இந்த ஊரில் கரிக் கணப்பு இல்லாமல் எந்த ஏழை வீட்டில் மார்கழியும் தையும் கழிகிறது, கரண்டு ஹீட்டர் ஒண்ணு வாங்கிருங்க தாத்தா என்றாள் நர்ஸ், பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் பல்பே அழுது வடிகிறது, ஹீட்டர் எங்கே எரியப் போகிறது, டாக்டர் சொல்வதையும் நான் நம்புவதில்லை, நர்ஸ் சொல்வதையும் நம்புவதில்லை, பொதுவாக வாய் திறந்து பேசுகிற எதையும் நம்புவதில்லை, ஆனால் அந்த நகத்தை நம்பினேன், அது பேசவில்லை, சும்மா நீலமாக இருந்தது, ஆகவே புகையை வெளியே தள்ளிச் சூட்டை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிற அடுப்பு ஒன்று செய்ய வேண்டும், வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், ஒரு கதவு, ஷெட்டில் அடுப்பு எரிந்தால் வீட்டுக்கும் காயும், அதற்குக் கனமான இரும்பு வேண்டும், இரும்பு ஷெட்டின் மூலையிலேயே, தார்ப்பாயின் கீழே, எட்டு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

தனிஸ்லாஸின் வண்டி அது, எங்களுடைய ஒரே மகன், வீட்டில் தனிசு, வெள்ளை அம்பாசிடர், டீசல், கல்லட்டி இறக்கத்தில் வளைவைத் தாண்டிப் பாய்ந்து பள்ளத்தில் தலைகீழாகக் கிடந்ததை லாரியில் சங்கிலி கட்டி இழுத்து வந்து இங்கே போட்டார்கள், அவன் மட்டும்தான் அன்றைக்கு அதில் இருந்தான், மசினகுடியில் ஒரு பார்ட்டியை ஏற்றிவரக் காலி வண்டியாகப் போனான், வண்டி வந்தது, அவன் வேறு வண்டியில் வந்தான், பழைய இரும்புக்காரன் ஒருத்தன் வாசலில் வந்து நின்று தார்ப்பாயைத் தூக்கினான், சலேத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள், யாரும் அதைத் தொடக் கூடாது, நீங்களும் தொடாதீங்க, ஒரு ஸ்குரூவக் கழட்டினாலும் நான் அன்னைக்கே செத்துருவேன் என்றாள், பெற்ற வயிறு, சரி என்று விட்டுவிட்டேன், கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், இவள் கல்லறையில் ஒன்று ஏற்றிவிட்டு வந்து வண்டியின் பானெட்டில் ஒன்று ஏற்றுவாள், மெழுகு வழிந்து தார்ப்பாயில் உறைந்திருக்கும், அதையும் சுரண்ட விடமாட்டாள், நானும் தொடவில்லை, அவள் சொன்னதற்காக என்று ஊர் நினைத்தது, அவளும் நினைத்தாள், எனக்கல்லவா தெரியும் நான் ஏன் தொடவில்லை என்று.

ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருக்கிற சமயம் பார்த்துத்தான் தார்ப்பாயை உருவினேன், அவளுடைய அண்ணன் மகள் கூட இருந்து பார்த்துக்கொண்டாள், அடுப்பு செய்கிறேன், ரெண்டு டிரம் வேண்டும் என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன், நான் காலையில் கஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்து ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை அறுத்தேன், திருடன் மாதிரி, என் வீட்டில் நானே திருடன், முதலில் பின்சக்கரத்து டிஸ்க் இரண்டையும் எடுத்து முகத்தோடு முகம் வைத்து வெல்டிங் வைத்தேன், அதுதான் அடுப்பின் வயிறு, பட்டை ஸ்பிரிங்கை அறுத்துக் கால்கள், சைலென்சரின் குடலைப் பிடுங்கிவிட்டு வெறும் குழலாக்கித் தகரக் கூரையில் ஓட்டை போட்டு வெளியே நீட்டினேன், அதுதான் புகைபோக்கி, எஞ்சினைப் பிளந்து ஃப்ளைவீல் தட்டை எடுத்து மேலே மூடினேன், அதன்மேல் கெட்டில் வைக்கலாம், கதவுக்கு பானெட் தகரத்தில் ஒரு துண்டு, கதவின் பிடிக்கு ஜன்னல் கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி, காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகட்டுக்கு எஞ்சினை அணைக்கிற ஸ்டாப் கேபிள், இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும், எரிப்பதற்குப் பழைய எஞ்சின் ஆயில் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது, அது அடுப்புக்குச் சொட்டுச் சொட்டாக வந்து விழ வண்டியின் பிரேக் பைப்பையே வளைத்துப் போட்டேன், ஒவ்வொன்றையும் கழற்றும்போது அவன் சீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், சீட்டில் எலி கூடு கட்டியிருக்கிறது, அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறான், என்னப்பா, வண்டியையே கறி சமைக்கப் போறியா என்கிறான், வாய மூடுடா, உங்கம்மாவுக்குக் குளிருது என்கிறேன், அவ திட்டுவாப்பா என்கிறான், திட்டட்டும், உன்னையா திட்டப்போறா, உன்னை எவன் திட்டினான் இதுவரைக்கும், எல்லாத்தையும் வாங்கிக்கத்தான் நான் ஒருத்தன் இருக்கேனே என்கிறேன், தலையைத் தூக்கினால் சீட்டில் எலிக்கூடு மட்டும் இருக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, பேசினேனா நினைத்தேனா தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, தீ எரிகிற கிண்ணம் ஒன்றுதான் பாக்கி, அதற்கு வார்ப்பிரும்பில் பிரேக் டிரம்மை விட்டால் வேறு கிடையாது, அடியில் ஒன்று மல்லாத்தி, அதில் ஆயில் சொட்டும், மேலே ஒன்று கவிழ்த்து, அதில் துளை போட்டால் தீ சீறிக்கொண்டு வரும், கனம் அதிகம் என்பதால் இரண்டும் முன்சக்கரத்து டிரம்மாக வேண்டும், முன்சக்கரம், நான் எட்டு வருஷமாகக் கண்ணெடுத்துப் பார்க்காத முன்சக்கரம், ஏனென்றால் அந்த வண்டிக்கு பிரேக் போட்டவன் நான், கல்லட்டிக்கு அவன் போன அந்த வாரம்தான் நாலு சக்கரத்துக்கும், டிரம்மை உள்ளிருந்து கவ்விப் பிடிக்கிற லைனிங் கட்டைகளைப் புதுசாகப் போட்டேன், இதே இடத்தில், அவன் டீக்கடை வர்க்கியைத் தின்றுகொண்டு நிற்கிறான், நான் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்குடா, ஆனா எறக்கத்துல கியர்ல எறங்கு, செகண்டுல எறங்கு, பிரேக்க நம்பி எறங்காத, கேக்குதா என்கிறேன், சரிப்பா, சரிப்பா, நீ என்ன ரோட்டோர போர்டா, ஒவ்வொரு வளைவுலயும் நின்னு இதையே சொல்ற என்கிறான், வர்க்கித் தூள் உதட்டில் ஒட்டியிருக்கிறது, சிரிக்கிறான், அவ்வளவுதான், அடுத்து நான் பார்த்தபோது அந்த உதட்டைத் தைத்திருந்தார்கள், பெடல் அடிவரைக்கும் போகுது, பிரேக் பிடிக்கல என்று விபத்தை விசாரிக்க வந்த சர்க்கார் ஆள் சொல்லிவிட்டுப் போனான், கல்லறையில் மண் தள்ளும்போது சலேத்தின் அண்ணன் சவரி, டாக்சி ஸ்டாண்டில் அவன் வைத்ததுதான் சட்டம், எல்லோர் முன்னாலும் கையை நீட்டி, பெத்த புள்ளைக்கே ஒழுங்கா பிரேக் போடத் தெரியல, இவனெல்லாம் மேஸ்திரி, இவன் கிட்டதான் நம்ம வண்டியெல்லாம் விட்டுக்கிட்டு இருந்தோம் என்றான், நான் சலேத்தைப் பார்த்தேன், அவள் இல்லை என்று சொல்லவில்லை, அண்ணே சும்மா இருங்க என்றுகூடச் சொல்லவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டுக் குழியைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் டாக்சிக்காரன் ஒருத்தனும் என் ஷெட்டுப் பக்கம் வரவில்லை, ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் வந்தன, பிரேக் இல்லாத சாமான்களாகப் பார்த்து வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள், மகனைக் கொன்ற மேஸ்திரி என்று பேர், எவனும் நேரில் சொல்லமாட்டான், டீக்கடையில் நான் போனால் பேச்சு தடுக்கிவிழும், அதில் தெரியும், சலேத் சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள், அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை, நீங்க இல்லைங்க என்று, எட்டு வருஷத்தில் ஒரு நாள், தூக்கத்தில் உளறியாவது, எனக்கே தெரியவில்லையே, சிலிண்டர் ரப்பரைத் திருப்பிப் போட்டேனா, பைப் நட்டை முறுக்காமல் விட்டேனா, கனவில் கல்லட்டியில் நான் இறங்குகிறேன், பெடலை மிதிக்கிறேன், பெடல் இருக்கிற இடத்தில் சேறு, கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வளைவு வருகிறது, விழித்துக்கொள்வேன், விழித்தும் கால் கீழே போய்க்கொண்டுதான் இருக்கும், டிரம்மைத் திறந்தால் தெரிந்துவிடும், அதனால்தான் திறக்கவில்லை, இருட்டில் இருக்கிற வரைக்கும் அது நானாகவும் இருக்கலாம், நானாக இல்லாமலும் இருக்கலாம், அந்தப் பாதி இருட்டில் ஒரு மனுஷன் எப்படியோ சோறு தின்றுவிடலாம்.

இன்று காலையில் வலது பக்கத்து டிரம்மில் கை வைத்தேன், மதியம் சலேத் வீட்டுக்கு வருகிறாள், அதற்குள் அடுப்பு எரிந்தாக வேண்டும், துருவேறி ஹப்போடு ஒட்டிப்போயிருந்தது, சுத்தியலுக்கு அசையவில்லை, எல்லா மேஸ்திரியும் செய்கிறதைத்தான் செய்தேன், கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நடுவில் சூடு காட்டினேன், இரும்பு முனகியது, தட்டினேன், கையோடு வந்துவிட்டது, உள்ளே சிலிண்டர் ரப்பர் சரியாக இருந்தது, பைப் நட்டு இறுக்கமாக இருந்தது, நட்டு கழலாமல் இருக்க நான் மடக்கிவிட்ட ஊசிப் பின் நான் மடக்கின மாதிரியே மடங்கியிருந்தது, ஆனால் லைனிங் கண்ணாடிபோல வழவழத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது, டிரம்மின் உள்வளையத்தில் இந்த நீலம், மலையில் வண்டி ஓட்டுகிறவர்களின் வண்டியைக் கழற்றிக் கழற்றிப் பழகிய கண் இது, இதைப் பார்த்தால் எனக்கு எவனும் விளக்கம் சொல்ல வேண்டாம், கியரைத் தள்ளி நியூட்ரலில் போட்டு, எஞ்சினை அணைத்து, டீசல் மிச்சம் என்று வண்டியை உருட்டிக்கொண்டு, வெறும் பிரேக்கையே மிதித்து மிதித்து இறங்கியிருக்கிறான், ஸ்டாண்டில் இது ஒரு பெருமை, ஒரு சொட்டு டீசல் குடிக்காமல் கீழே இறக்கிட்டேன் பாரு என்பார்கள், காலை எடுக்காமல் மிதித்தால் டிரம் பழுக்கும், லைனிங் வெந்து வழுக்கும், பெடல் அடிவரைக்கும் போகும், நான் போட்ட பிரேக்கில் குறை இல்லை, நான் இல்லை, சத்தமாகச் சொன்னேனா, சிரித்தேன், ஷெட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், என் மகன் தன் காலால் தன்னைக் கொன்றுகொண்டான் என்று தெரிந்த காலையில் நான் சிரித்தேன், எப்படிப்பட்ட பிறவி பாருங்கள், டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு, நீலத்தைத் தடவிக்கொண்டு.

வெளியே ஹாரன், சவரியின் வண்டி, சலேத்தை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான், அவளை அவன் மகள் கைத்தாங்கலாக வீட்டுப் பக்கம் கூட்டிப் போனதும் சவரி ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான், அறுபட்ட வண்டியைப் பார்த்தான், அடப்பாவி, எலும்பக்கூட விடமாட்டியா மாப்ள என்றான், மச்சான், இங்க வாங்க, இதப் பாருங்க என்று டிரம்மையும் லைனிங்கையும் அவன் கையில் திணித்தேன், நீங்க டிரைவர், இது என்னன்னு நீங்களே சொல்லுங்க என்றேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான், திருப்பினான், மோந்து பார்த்தான், அவனுக்குத் தெரிந்தது, தெரிந்ததை நான் பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் கண் ஒரு கணம் நின்றது, அப்புறம் அவன் பார்வை தரையில் கிடந்த டார்ச்சுக்குப் போனது, கேஸ் சிலிண்டருக்குப் போனது, மெதுவாகச் சிரித்தான், ஏன் மாப்ள, டார்ச்ச வச்சு நீயே காய்ச்சிட்டு நீலம் நீலம்ங்கிற, இத எவன் கிட்டக் காட்டுவ என்றான், டார்ச் சூடு நடுவுல நிக்கும் மச்சான், ஓரத்து வளையத்துல நிக்குமா, லைனிங்கப் பாருங்க என்றேன், எட்டு வருஷம் சும்மா இருந்துட்டு இப்பப் போயி செத்தவன் மேல பழியப் போடுறியே, அவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லவா போறான் என்றான், உங்க ஸ்டாண்டுல எவன்டா கியர்ல எறங்குறான், நீ எறங்குறியா என்று மரியாதை கெட்டுப்போய்க் கத்தினேன், டிரம்மை என் காலடியில் வைத்தான், வயசாச்சு மாப்ள, ரத்தம் கொதிக்க வேணாம், ஜெபம் பண்ணு என்றான், மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான், அவன் வண்டி எங்கள் தெரு இறக்கத்தில் எஞ்சின் சத்தமே இல்லாமல் உருண்டு போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று இருக்கிறதடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இடது பக்கத்து டிரம், டார்ச் படாதது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, நாள் கணக்கானாலும் சரி, சூடே காட்டாமல் தட்டிக் கழற்றலாம், இங்கே இல்லை, ஸ்டாண்டுக்கு நடுவில் போட்டு, ஒவ்வொருத்தன் முன்னாலும், சவரியையே சுத்தியலைப் பிடிக்கச் சொல்லிக் கழற்றலாம், உள்ளே இதே நீலம் இருக்கும், அப்போது எவன் என்ன சொல்வான், எட்டு வருஷத்தையும் அவன் வாயில் திருப்பித் திணிக்கலாம், இதையெல்லாம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடுக்கதவில் சலேத் நிற்கிறாள், ஷாலைத் தலையோடு போர்த்தி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வண்டி இருந்த மூலையைப் பார்க்கிறாள், கத்துவாள் என்று நினைத்தேன், செத்துருவேன் என்று சொன்னவளாயிற்றே, கத்தவில்லை, தெறந்துட்டீங்களா என்றாள், ம் என்றேன், நான் இல்ல சலேத்து, பிரேக்கு சரியா இருந்திருக்கு, அவன்தான் நியூட்ரல்ல, என்று ஆரம்பித்தேன், தெரியும் என்றாள்.

தெரியும் என்றாள், தெரியும் என்றால் என்ன தெரியும், யார் சொன்னது, அவள் இருமி முடிக்கும் வரைக்கும் நின்றேன், அவள் பழைய டயரின்மேல் உட்கார்ந்தாள், தங்கச்சி மக கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போனோம்ல, நீங்க வரல, அவன்தான் ஓட்டினான், கோத்தகிரி எறக்கத்துல திடீர்னு வண்டி சத்தமே இல்லாம போச்சு, என்னடா இதுன்னு கேட்டேன், நியூட்ரல்மா, கப்பல் மாதிரி போகுது பாருன்னான், பயமா இருக்குடான்னேன், எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத, தோல உரிச்சிருவாருன்னான், சத்தியம் வாங்கிட்டான் என்றாள், மூச்சு வாங்கியது, இதெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல அவளிடம் மூச்சு இல்லை, நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் ஒரு வருஷம் பின்னால் போய் வந்தேன், கல்லறைக்குப் போனேன், சவரியின் நீட்டிய கைக்குப் போனேன், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்குப் போனேன், குற்றம் சாட்டுகிற பார்வை என்றல்லவா எட்டு வருஷமாக அதைச் சுமந்தேன், அன்னைக்கே தெரியுமா என்றேன், தெரியும் என்றாள், அதான் வண்டியத் தொட விடலயா என்றேன், நீங்க தெறந்தா கண்டுபுடிச்சிருவீங்க என்றாள், மெழுகுவத்தியும் அதுக்குத்தானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

உங்கண்ணன் அத்தனை பேர் முன்னாடி கைய நீட்டினான், நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி என்றேன், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, கெஞ்சுகிறவன் குரல், சொன்னா புள்ளையச் சொல்வாங்க என்றாள், திமிர் புடிச்சுப் போய் செத்தான்னு சொல்வாங்க, என் புள்ளைய ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லக் கூடாது, அப்ப என்னச் சொல்லலாமா என்றேன், அவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், நீங்க இருந்தீங்க, தாங்கினீங்க, அவன் இல்லையேங்க என்றாள், அவ்வளவுதான், இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, ரொம்ப நாளாக எடுத்து வைத்திருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதுபோலச் சொன்னாள், எனக்குக் கை ஓங்கியது, நாற்பது வருஷத்தில் ஓங்காத கை, ஓங்கின கை காற்றில் நின்றது, அந்த உடம்பில் அடி வாங்க இடமே இல்லை, கழுத்து நரம்பு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது, ஷாலைப் பிடித்த விரல்களின் நகம் நீலமாக இருந்தது, டாக்டர் காட்டின அதே நீலம், ஸ்டாண்டுல போட்டுக் கழட்டப் போறீங்களா என்று கேட்டாள், அவள் பார்வை வண்டியின் மிச்சத்தில், இடது சக்கரத்தில் இருந்தது, அடுப்புக்கு ரெண்டு வேணும்னு சொன்னீங்களாமே, அண்ணன் மக சொன்னா என்றாள்.

மண்ணெண்ணெய் டப்பா கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, டார்ச்சும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, மண்ணெண்ணெய் என்றால் என் பேர் எனக்குத் திரும்பி வரும், பேரோடு நான் டீக்கடைக்குப் போகலாம், ஆனால் அதற்கு நாள் கணக்காகும், அதற்குள் இங்கே யார் உயிரோடு இருப்பார்கள், தனிசு இடது சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான், உதட்டில் வர்க்கித் தூள், சொல்லிராதப்பா என்கிறான், நாயே, உனக்கு ரெண்டு பேரும் காவலாடா என்கிறேன், அம்மா ஒரு பக்கம் சத்தியம் பண்ணினா, நான் ஒரு பக்கம் பழி சுமந்தேன், நீ நடுவுல கப்பல்ல போறியா என்கிறேன், சிரிக்கிறான், சலேத் இருமுகிறாள், இருமல் நிற்கவில்லை, நான் டார்ச்சைப் பற்றவைத்தேன், யாருக்காக என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அன்பு என்று எவனாவது சொன்னால் செருப்பால் அடிப்பேன், இடது டிரம்மின் நடுவில் காட்டவேண்டிய நெருப்பை நடுவில் காட்டினேன், அப்புறம் ஓரத்திலும் காட்டினேன், காட்ட வேண்டிய அவசியமே இல்லாத ஓரத்தில், சுற்றிச் சுற்றி, இரும்பு வைக்கோல் நிறமாகி, ஊதா ஆகி, நீலமாகும் வரைக்கும், சவரி எதைச் சொல்லி என்னைப் பொய்யனாக்கினானோ அதை என் கையால் செய்து முடித்தேன், தட்டினேன், கழன்றது, உள்ளே குனிந்து பார்க்கவில்லை, இனி அதில் பார்க்க ஒன்றும் இல்லை, எந்த நீலம் எவனுடையது என்று இனி ஆண்டவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது, லைனிங் கட்டைகளை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை, அது எரியாது, எரியாமல் இருக்கத்தான் அதைச் செய்தார்கள், சாக்கில் சுற்றி ஷெட்டுக்குப் பின்னால் இறுகிய மண்ணைக் கடப்பாரையால் குத்திப் புதைத்தேன், மகனைப் புதைத்ததைவிட அது கஷ்டமாக இருந்தது, அன்றைக்கு மண் இளகியிருந்தது.

ஒன்றை மல்லாத்தி ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன், பிரேக் பைப்பில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது, துணியைக் கொளுத்திப் போட்டேன், முதலில் கறுத்த புகை, ஸ்டாப் கேபிளை இழுத்தேன், காற்று உள்ளே போனது, சைலென்சர் குழல் ஒரு தரம் இருமிவிட்டு வண்டி கிளம்புகிற மாதிரியே உறும ஆரம்பித்தது, சலேத் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினாள், எஞ்சினில்லாமல் அவன் வண்டியின் சத்தம், கொஞ்ச நேரத்தில் புகையெல்லாம் கூரைக்கு மேலே போய்விட்டது, ஷெட்டுக்குள் சூடு மட்டும் நின்றது, டயரோடு அவளை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விட்டேன், அவள் ஷாலுக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள், கதவின் சந்து வழியாக டிரம் தெரிந்தது, நீலம் பாரித்து, நீலத்தின்மேல் நீலம் ஏறி, விளிம்பெல்லாம் நீலமாகி, பிறகு நீலமே தெரியாமல் சிவந்து, அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நகத்தில் நீலம் மெல்ல மெல்ல இறங்குகிறது, இங்கே இறங்குகிறது, அங்கே ஏறுகிறது, நல்லா சூடா இருக்குங்க என்றாள், ம் என்றேன், உங்களுக்கும் விறைச்சுப் போயிருக்குமே, நீட்டுங்க கைய என்றாள், எட்டு வருஷத்தில் இப்போதுதான் அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டாள், நீட்டினேன், அவள் கைக்குப் பக்கத்தில், படாமல், என் நகக்கண் எல்லாம் ஆயில் கறுப்பு, சோப்புக்கும் போகாதது, அதன் அடியில் நீலம் இருந்தாலும் எவன் கண்ணுக்கும் தெரியாது.